பழைய ஹைப்ரிட் கார் வாங்கலாமா? மூன்றாம் தலைமுறை பிரியஸில் பேட்டரிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை

காரைப் பார்க்கப் போனதும் முதல் வேலையாக பானெட் மேல் கையை வையுங்கள். சூடு தெரிந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓட விட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, வேறொரு நாள் காலையில், ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். 2009 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை வாங்கலாமா வேண்டாமா என்பதில் பாதி முடிவு, குளிர்ந்து கிடந்த இன்ஜின் பிடிக்கும் முதல் 15 விநாடிகளிலேயே தெரிந்துவிடும்.

பழைய ஹைப்ரிட் என்றதும் எல்லோருக்கும் பேட்டரி பயம்தான் முதலில் வருகிறது. பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் பேட்டரி அளந்து பார்க்கக்கூடிய பொருள். அதன் எந்த பிளாக் (பேட்டரிக்குள் உள்ள ஒரு பகுதி) எத்தனை வோல்ட்டில் இருக்கிறது என்று ஃபோனிலேயே பார்க்கலாம், போய்விட்டால் மொத்தமாகக் கழற்றி வேறு போடலாம், தெரிந்த கைக்கு அரை நாள் வேலை. இன்ஜின் சிலிண்டருக்குள் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இறங்கி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்த வண்டி அப்படியல்ல. அதற்குப் போடும் காசு திரும்பி வராது. இந்த மாடலில் அதிகம் பேரைக் கவிழ்த்தது அந்த இரண்டாவது வகைதான்.

மற்றபடி இதன் அமைப்பு எளிமையானது, உறுதியானது. சாதாரண வண்டியில் கியர்பாக்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு பிளானட்டரி கியர் இருக்கிறது. நடுவில் உள்ள சன் கியரோடு எம்ஜி1 என்ற மோட்டார், அதைச் சுற்றிவரும் சிறு கியர்களைத் தாங்கும் கேரியரோடு இன்ஜின், வெளி வளையத்தின் பக்கம் சக்கரத்தை ஓட்டும் எம்ஜி2 மோட்டார். கிளட்ச் கிடையாது, பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர்பாக்ஸ் கிடையாது, தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கிடையாது. இன்ஜினைச் சுழற்றிவிடுவதும் எம்ஜி1தான், மின்சாரம் எடுப்பதும் அதுதான். மூன்றாம் தலைமுறையில் வாட்டர் பம்ப் கூட மின்சாரத்தில் ஓடுவதால் இன்ஜினுக்கு வெளியே ஒரு பெல்ட் கூட இல்லை. தேய்ந்து போகக்கூடிய இத்தனை சாமான்கள் இல்லாததால்தான் இந்த வகை வண்டிகள் 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் ஓடுகின்றன.

முதல் 15 விநாடி

பிரேக்கை மிதித்து பவர் பட்டனை அழுத்தினால் 'ரெடி' என்று வரும். இன்ஜின் உடனே ஓட வேண்டும் என்பதில்லை, சில விநாடி கழித்து தானாகப் பிடிக்கும். ஆக்சிலரேட்டரைத் தொடாமல் வெளியே நின்று கேளுங்கள். நல்ல வண்டியில் லேசான அதிர்வோடு இன்ஜின் பிடித்து சீராகிவிடும். கெட்ட வண்டியில், கூழாங்கற்களைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியது மாதிரி கடகடவென்று முழு வண்டியும் ஆடும். ஐந்து, பத்து விநாடி கழித்து ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். ராத்திரி ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ் பாகத்துக்கும் நடுவில் அடைக்கும் தகடு) வழியாக ஒரு சிலிண்டருக்குள் கசிந்த கூலன்ட், காலையில் எரியாமல் தவிக்கிறது. அதனால் வரும் சத்தம் இது. சூடான இன்ஜினில் இது அறவே தெரியாது. பானெட்டில் கை வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இந்த 1.8 லிட்டர் 2இசட்ஆர்-எஃப்எக்ஸ்இ இன்ஜினுக்கு ஏன் இப்படி ஆகிறது? அனுபவமுள்ள மெக்கானிக்குகள் பெரும்பாலும் கை காட்டுவது ஈஜிஆர் கூலரை. எரிந்த புகையில் ஒரு பங்கை கூலன்ட்டால் குளிர்வித்து மறுபடி இன்டேக்குக்கு (இன்ஜினுக்குள் காற்று போகும் வழி) அனுப்பும் ஏற்பாடு அது. வருஷக்கணக்கில் அந்தக் கூலரின் மெல்லிய துடுப்புகளுக்கு இடையில் எண்ணெயும் கரியும் சேர்ந்து தார் மாதிரி இறுகிவிடும். புகை போகும் வழி குறைந்ததும் எரிப்பின் வெப்பம் ஏறுகிறது. இன்டேக் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக நான்கு சிறு துளைகள் வழியாகத்தான் அந்தப் புகை பிரிகிறது. அதில் ஒன்றிரண்டு மட்டும் அடைத்துக்கொண்டால், ஒரு சிலிண்டருக்குக் கிடைப்பது இன்னொன்றுக்குக் கிடைக்காது. ஒரு பக்கம் அதிக வெப்பம், நாக்கிங் (எரிபொருள் தப்பாக வெடித்துத் தட்டுவது), கடைசியில் கேஸ்கெட் விட்டுக்கொடுக்கிறது. பிஸ்டன் ரிங் வழியாக ஆயில் ஏறும் வண்டியில் கரி இன்னும் வேகமாகச் சேரும். இந்தத் தலைமுறையின் ஆரம்ப வருஷ வண்டிகளில் ஆயில் குடிக்கும் பழக்கம் அதிகம் பார்க்கப்பட்டது.

எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "ஈஜிஆர் எப்போது சுத்தம் செய்தீர்கள்?" என்பது. கூலர், வால்வு, குழாய், மேனிஃபோல்டு நான்கையும் கழற்றி, கார்பன் கரைசலில் ஊறப்போட்டு, கூலரின் ஒரு பக்கம் வெளிச்சம் அடித்தால் மறுபக்கம் தெரிகிற வரை கழுவியிருக்க வேண்டும். 80,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்தவர் கையில் இருந்த வண்டி என்றால் நம்பிப் பேசலாம். கேள்வியே புரியாமல் முழித்தால், 1,50,000 கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் கூலர் அடைத்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். வால்விலிருந்து மேனிஃபோல்டுக்கு வரும் குழாயை மட்டும் ஒரு மெக்கானிக்கை வைத்துக் கழற்றிப் பார்த்தாலே உள்ளே இருக்கும் கரியின் கனம் கதை சொல்லிவிடும்.

கூலன்ட் தொட்டிகள் இரண்டு இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று இன்ஜினுக்கு, மற்றது இன்வெர்ட்டருக்கு (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் கருவி). இரண்டிலும் இளஞ்சிவப்பு நிறக் கூலன்ட் கோட்டுக்குள் இருக்க வேண்டும். இன்ஜின் தொட்டி கோட்டுக்குக் கீழே இருந்து, எங்கும் வெளிக் கசிவு தெரியவில்லை என்றால் அது உள்ளேதான் போகிறது. புத்தம் புதிதாக, தொட்டி நிறைய மட்டும் ஊற்றி வைத்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். கேஸ்கெட் பற்றி உறுதியாகத் தெரிய வேண்டுமானால் கூலிங் சிஸ்டத்தை மூடி தாங்கும் அளவுக்கு, சுமார் 1 பார் அழுத்தத்தில் ராத்திரி முழுக்க விட்டு, காலையில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி போரோஸ்கோப் என்ற குழாய் கேமராவை விட்டுப் பார்க்க வேண்டும். மூன்று பிஸ்டன்களின் மேல் கரி படிந்து, ஒன்று மட்டும் கழுவி வைத்தது போலப் பளபளவென்று இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். கூலன்ட் ஆவியில் கரி கழன்று போன பிஸ்டன் அது.

கசிவை அடைக்கும் ரசாயனம் ஊற்றி விற்பதும் நடக்கிறது. அது ரேடியேட்டரையும் ஹீட்டரையும் சேர்த்து அடைக்கும். தொட்டியின் அடியில் துகள், மினுக்கும் தூள், பழுப்புக் கசடு தெரிந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

இன்ஜினைத் தொடர்ந்து ஓட வைத்துக் கேட்க ஒரு வழி உண்டு. ஹைப்ரிட் என்பதால் சூடானதும் இன்ஜின் தானாக நின்றுவிடும், கேட்பதற்குள் அடங்கிவிடும். பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தி டேஷ்போர்டை ஆன் செய்யுங்கள். 60 விநாடிக்குள், கியர் பி-யில் (பார்க்) ஆக்சிலரேட்டரை முழுதாக இரண்டு முறை, பிரேக்கை மிதித்து என்-க்கு (நியூட்ரல்) மாற்றி இரண்டு முறை, மறுபடி பி-யில் இரண்டு முறை மிதியுங்கள். பிறகு பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்தால் பராமரிப்பு நிலைக்குப் போய் இன்ஜின் நிற்காமல் ஓடும். அந்த நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது. கேட்டு முடித்ததும் அணைத்துவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

பேட்டரியை எண்ணில் பாருங்கள்

பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் 28 மாட்யூல்கள். ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட், 6.5 ஆம்பியர் அவர். கொள்ளளவு ஏறத்தாழ 1.3 கிலோவாட் அவர்தான். முழுதாக நிரப்பிக் காலி செய்யும் பழக்கமும் இதற்கில்லை. ஏறத்தாழ 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவிலேயே வண்டி இதை வைத்துக்கொள்ளும். அந்தக் கட்டுப்பாடுதான் இது பல வருஷம் தாக்குப்பிடிக்கக் காரணம். கெடுப்பது பெரும்பாலும் வெப்பம். அடுத்தது மாதக்கணக்கில் ஓடாமல் நிற்பது. குறைவாக ஓடிய வண்டி என்று ஆசைப்பட்டு, பத்து வருஷத்தில் 40,000 கிலோமீட்டர் மட்டும் ஓடி மூலையில் நின்றதை எடுப்பதைவிட, தினமும் ஓடிய 1,80,000 கிலோமீட்டர் வண்டியின் பேட்டரி பல நேரம் நன்றாக இருக்கும்.

வெப்பத்துக்கு வருவோம். பேட்டரியைக் குளிர்விப்பது காருக்குள் இருக்கும் காற்று. பின் இருக்கையின் பக்கவாட்டில், கதவோரமாக, கட்டம் போட்ட ஒரு சிறு ஜன்னல் இருக்கும். அதன் வழியாகக் காற்றை உறிஞ்சி ஒரு ஃபேன் பேட்டரி மேல் தள்ளுகிறது. அந்த ஜன்னலில் டார்ச் அடித்துப் பாருங்கள். நாய், பூனை ஏறிய வண்டி என்றால் முடியும் தூசியும் கம்பளி மாதிரி படிந்திருக்கும். மேலே இவ்வளவு என்றால் உள்ளே ஃபேனின் இறக்கைகளில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். அப்படி வருஷக்கணக்கில் மூச்சு முட்டிய பேட்டரி, இன்றைக்கு நன்றாக ஓடினாலும் ஆயுளில் பாதியைத் தொலைத்திருக்கும். சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் கூட ஆகாது. அதைக்கூடச் செய்யாதவர் மற்றதை எப்படி வைத்திருப்பார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இனி அளவு. வண்டியின் கணினியைப் படிக்கும் புளூடூத் ஓபிடி அடாப்டர் ஒன்று, ஃபோனில் டாக்டர் பிரியஸ் அல்லது ஹைப்ரிட் அசிஸ்டன்ட் ஆப். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால், 28 மாட்யூல்களும் இரண்டிரண்டாகச் சேர்ந்த 14 பிளாக்குகளின் வோல்ட்டேஜ் தெரியும். வண்டி சும்மா நிற்கும்போது எல்லாம் ஒன்று போலவே காட்டும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். பாரம் ஏறும்போது பார்க்க வேண்டும்.

முதலில் 20 நிமிஷம் ஓட்டுங்கள். பிறகு சமதளத்தில் நிறுத்தி, எதிரில் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், டி-யில் போட்டு, இடது காலால் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ஆக்சிலரேட்டரைச் சில விநாடி மட்டும் அழுத்துங்கள். இன்ஜின் ஓடி பேட்டரிக்குள் மின்சாரம் ஏறும், எல்லா பிளாக்குகளும் சேர்ந்து உயரும். அடுத்து பி-யில் போட்டு ஏசியை உச்சத்தில் வைத்து, ஹெட்லைட்டையும் எரியவிட்டுக் காத்திருங்கள். இன்ஜின் நின்றபின் எல்லாம் சேர்ந்து இறங்கும். 14 பிளாக்குகளில், ஏறும்போது மற்றவற்றை முந்திக்கொண்டு ஏறி, இறங்கும்போதும் முந்திக்கொண்டு விழுவது எதுவோ, அதுதான் நோயாளி. கொள்ளளவு சுருங்கிய பாத்திரம் சீக்கிரம் நிரம்பும், சீக்கிரம் காலியாகும். பாரத்தில் எல்லாப் பிளாக்குகளும் ஒன்றுக்கொன்று 0.3 வோல்ட்டுக்குள் நின்றால் நல்ல பேட்டரி. ஒரு வோல்ட்டும் அதற்கு மேலும் பிரிந்தால், பி0ஏ80 என்ற பேட்டரிக் கோளாறு எண் வர அதிக நாள் ஆகாது.

அதே ஏசி சோதனையில் கடிகாரத்தையும் பாருங்கள். இன்ஜின் நின்றதிலிருந்து மறுபடி பிடிக்க எத்தனை நிமிஷம்? ஆரோக்கியமான பேட்டரி பல நிமிஷம் தாங்கும். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷத்துக்கு ஒருமுறை இன்ஜின் ஓடி ஓடி நின்றால் உள்ளே சரக்கு இல்லை. திரையில் பேட்டரிக் கட்டங்கள் ஒரு சிறு இறக்கத்தில் மளமளவென்று நிரம்பி, ஒரு சிறு ஏற்றத்தில் மளமளவென்று காலியாவதும், சாதாரண வெயிலிலேயே பின்னாலிருந்து ஃபேன் இரைவதும் அதே கதைதான்.

கோளாறு எண்களைப் படிக்கும்போது ஒரு சூட்சுமம் உண்டு. எண் எதுவும் இல்லை என்பது நல்ல செய்தியாக இருக்க வேண்டியதில்லை. நேற்று அழித்திருக்கலாம். எண்களை அழித்தபின் ஓடிய தூரம் எவ்வளவு என்பதை ஓபிடி காட்டும். அது 20, 30 கிலோமீட்டர் என்று இருந்தாலோ, சுயசோதனைகள் 'முடியவில்லை' என்று காட்டினாலோ, ஏதோ ஒன்றை உங்கள் கண்ணில் படாமல் துடைத்திருக்கிறார்கள். பேட்டரிக் கோளாறு எண் துடைத்தபின் சில நாள் வராமலே இருக்கும். விற்பதற்கு அந்தச் சில நாள் போதும்.

"பேட்டரி மாற்றியாகிவிட்டது" என்ற பேச்சுக்கு பில் இல்லாவிட்டால் மதிப்பு இல்லை. பில்லில் 28 மாட்யூலும் புதியதா, கெட்ட ஒன்றிரண்டை மட்டும் எடுத்துவிட்டு வேறு பழைய பேட்டரியிலிருந்து எடுத்துப் போட்டதா என்று பாருங்கள். இரண்டாவது வகை ஒட்டுப்போடுவதுதான். ஒரே வயதில் தளர்ந்த 26 மாட்யூல்களுக்கு நடுவில் இரண்டு மட்டும் தெம்பாக இருந்தால் அடுத்து பலவீனமானது விழும், அதை மாற்றினால் அதற்கடுத்தது. புதிய செல்களோடு முழு பேட்டரியும் போட்ட வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். ஒட்டுப்போட்ட பேட்டரியைச் செத்த பேட்டரியாகவே கணக்கில் வையுங்கள்.

ஆரஞ்சு நிற ஒயர் எதையும் நீங்களே தொட்டுப் பார்க்காதீர்கள். 200 வோல்ட் டிசி ஆளைக் கொல்லும். சர்வீஸ் பிளக்கை உருவி, கபாசிட்டர்கள் இறங்க 10 நிமிஷம் காத்திருந்து, 1000 வோல்ட்டுக்கான ரப்பர் கையுறையோடு செய்ய வேண்டிய வேலை அது.

பிரேக்கும் இன்வெர்ட்டரும்

பேட்டரிக்கு அடுத்த பெரிய செலவு பிரேக் ஆக்சுவேட்டர். இதில் பிரேக் அழுத்தத்தை ஒரு மின் பம்ப் அக்யுமுலேட்டர் என்ற கலனில் சேர்த்து வைக்கிறது. ஓட்டுநர் கதவைத் திறந்ததும் முன்பக்கத்திலிருந்து வரும் 'ர்ர்ர்' என்ற சத்தம் அந்தப் பம்ப்தான், அது இயல்பு. சோதனை இப்படி: ரெடியில், பி-யில், காலை பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஃபேனை அணைத்து, இரண்டு நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். ஒன்றும் கேட்கக் கூடாது. யாரும் பிரேக்கைத் தொடாமலே சில விநாடிகளுக்கு ஒருமுறை பம்ப் ஓடினால், சேர்த்த அழுத்தம் உள்ளே கசிகிறது. நாளடைவில் சி1391 என்ற எண், ஏபிஎஸ் விளக்கு, காதைத் துளைக்கும் பீப் என்று முடியும். முழு ஆக்சுவேட்டரையும் மாற்றி, ஸ்கேன் கருவியை வைத்துத்தான் காற்று எடுக்க வேண்டும். சாதாரணமாக பிரேக் மிதித்துக் காற்று எடுக்கும் வேலை இதில் செல்லாது.

பேட் தேய்மானம் குறைவு, மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. அதனாலேயே டிஸ்க்கில் துரு ஏறும், கேலிப்பர் இறுகிப்போகும். ஓட்டி வந்ததும் நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் கை வைத்து, ஒன்று மட்டும் கொதிக்கிறதா என்று பாருங்கள்.

இன்வெர்ட்டர் விஷயத்தில் ரீகால் வரலாறு முக்கியம். 2014 பிப்ரவரியில் உலகம் முழுக்க சுமார் 19 லட்சம் பிரியஸ்களை, இன்வெர்ட்டருக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களை அதிக வெப்பத்தில் கெடுக்கக்கூடிய மென்பொருளை மாற்றுவதற்காக டொயோட்டா திரும்ப அழைத்தது. 2018 அக்டோபரில் சுமார் 24 லட்சம் ஹைப்ரிட்களுக்கு இன்னொரு ரீகால். கோளாறு வந்தால் மெதுவாக ஓடும் பாதுகாப்பு நிலைக்குப் போக வேண்டிய வண்டி, அப்படிப் போகாமல் ஓட்டத்திலேயே சக்தி இழந்து நின்றுவிடலாம் என்பது காரணம். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, இரண்டும் செய்யப்பட்டிருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செய்யாத வண்டியைத் தொடாதீர்கள், அல்லது செய்து கொடுத்தபின் வாங்குங்கள். இன்வெர்ட்டர் தொட்டியின் மூடியைத் திறந்து, வண்டி ரெடியில் இருக்கும்போது கூலன்ட் உள்ளே சுழல்கிறதா என்றும் பாருங்கள். அசையாமல் நின்றால் பம்ப் போயிருக்கிறது. இன்ஜின் பக்கத்து மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது.

பி0ஏஏ6 என்ற எண் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். உயர் வோல்ட்டேஜ் பாதையில் எங்கோ இன்சுலேஷன் விட்டு, மின்சாரம் வண்டியின் உடலுக்குக் கசிகிறது என்று அர்த்தம். பேட்டரி கசிந்திருக்கலாம், மோட்டார் சுருளாக இருக்கலாம், ஏசி கம்ப்ரசராகக் கூட இருக்கலாம். இந்த மின் கம்ப்ரசருக்கு என்டி-11 என்ற தனி ஆயில் மட்டுமே போட வேண்டும். சாதாரண ஏசி மெக்கானிக் வழக்கமான பேக் ஆயிலை ஊற்றிவிட்டால் இன்சுலேஷன் இறங்கிவிடும். மழை நாளில் வந்து வெயிலில் மறைவதும் உண்டு. டிக்கியின் அடியில், ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் கை விட்டுப் பாருங்கள். ஈரமோ, துருவோ, மண் கோடோ இருந்தால் தண்ணீர் உள்ளே வந்து போயிருக்கிறது. பேட்டரியின் கனெக்டர்கள் பக்கத்திலேயேதான் இருக்கின்றன.

டிக்கியின் பக்கத்தில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சின்ன விஷயம், ஆனால் பெரிய பயம் காட்டும். இது தளர்ந்தால் சம்பந்தமில்லாத விளக்குகள் எல்லாம் எரியும், வண்டி ரெடிக்கே வராது. ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்லது, 12.2-க்குக் கீழே என்றால் மாற்ற வேண்டும். ரெடியில் 14 வோல்ட் ஒட்டி வந்தால் இதைச் சார்ஜ் செய்யும் டிசி கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. இந்த ஒன்றைக் காட்டி ஹைப்ரிட் பேட்டரியே போய்விட்டது என்று விலை குறைத்துத் தரும் வண்டி கிடைத்தால், அதிர்ஷ்டம் உங்களுடையது.

வேறு எவை

இரண்டாம் தலைமுறை பிரியஸின் 1.5 லிட்டர் இன்ஜினில் இந்த ஈஜிஆர் தொல்லை இல்லை. இன்ஜின் கல்லு மாதிரி. ஆனால் வயது ஏறிவிட்டது, பேட்டரியை மாற்றும் செலவைச் சேர்த்தே விலை பேச வேண்டும். அதன் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) திருடர்களுக்குப் பிடித்த சாமான். ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் உறுமினால் குனிந்து பாருங்கள். நகருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்கு அக்வா அல்லது பிரியஸ் சி என்ற சிறிய வண்டியும் அதே 1.5 இன்ஜின் குடும்பத்தில் வருகிறது. 20 மாட்யூல், 144 வோல்ட், அதனால் பேட்டரி மாற்றினாலும் செலவு குறைவு. 2015 இறுதியில் வந்த நான்காம் தலைமுறை, காசு இருந்தால் என் முதல் தேர்வு. ஓட்டமும் மேம்பட்டது, பேட்டரியும் பின் இருக்கைக்கு அடியில் போய்விட்டது.

ஹோண்டாவில் பெயர் ஒன்றாக இருந்தாலும் மூன்று வெவ்வேறு அமைப்புகள் உண்டு. ஐஎம்ஏ என்ற பழைய அமைப்பில் சிறு மோட்டார் இன்ஜினுக்குத் துணை நிற்பதோடு சரி. 2006 முதல் 2011 வரை வந்த சிவிக் ஹைப்ரிட்டின் பேட்டரி சீக்கிரம் தளர்வதற்குப் பேர் போனது. 7 வேக டூயல் கிளட்ச் வைத்த ஐ-டிசிடி, 2013-ல் வந்த ஃபிட் ஹைப்ரிட்டில் பலமுறை ரீகால் ஆனது. எடுப்பதாக இருந்தால் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்து, கிளட்ச் உதறுகிறதா என்று பாருங்கள். மூன்றாவதான ஐ-எம்எம்டி நல்ல அமைப்பு, பெரும்பாலும் இன்ஜின் மின்சாரம் மட்டும் எடுக்கிறது, நெடுஞ்சாலை வேகத்தில்தான் கிளட்ச் பூட்டி நேராகச் சக்கரத்தை ஓட்டுகிறது. நிசானின் ஈ-பவரில் இன்ஜின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. ஹூண்டாய் அயோனிக், கியா நீரோ இரண்டிலும் 6 வேக டூயல் கிளட்ச்.

12 வோல்ட், 48 வோல்ட் மைல்ட் ஹைப்ரிட்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பெல்ட்டில் ஓடும் சிறு மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கிறது, அவ்வளவுதான். அதில் மின்சாரத்தால் மட்டும் வண்டி நகராது. பின்னால் ஹைப்ரிட் என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

உங்கள் ஓட்டத்துக்கு இது பொருந்துமா

நின்று நின்று போகும் நகர ஓட்டத்தில்தான் ஹைப்ரிட் சம்பாதிக்கிறது. வருஷம் 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், அதே அளவு பெட்ரோல் கார் நகரில் லிட்டருக்கு 13 கொடுக்கிறது, மூன்றாம் தலைமுறை பிரியஸ் 20 கொடுக்கிறது என்று வையுங்கள். ஒன்றுக்கு 1,154 லிட்டர், மற்றதற்கு 750. வருஷத்துக்கு 404 லிட்டர் மிச்சம். நெடுஞ்சாலையில் வேகம் மாறாமல் போகிறவருக்கு 15-க்கும் 18-க்கும் உள்ள வித்தியாசம்தான் கிடைக்கும், மிச்சம் 167 லிட்டராகச் சுருங்கிவிடும். அந்த லிட்டரை உங்கள் ஊர் பெட்ரோல் விலையால் பெருக்குங்கள். விற்பவர் கேட்கும் விலையோடு ஒரு முழு பேட்டரியின் விலையையும், ஒரு ஈஜிஆர் சுத்தத்தின் கூலியையும் கூட்டி, சாதாரண பெட்ரோல் காரோடு உள்ள வித்தியாசத்தை அந்த வருஷ மிச்சத் தொகையால் வகுங்கள். வரும் வருஷக் கணக்கு, வண்டியை எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறீர்களோ அதில் பாதிக்குள் இருந்தால் எடுக்கலாம். அதற்கு மேல் என்றால் பெட்ரோல் கார் போதும். தினமும் 2, 3 கிலோமீட்டர் மட்டும் போய் வருகிறவருக்கும் இது வேண்டாம். இன்ஜின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும், மிச்சம் கிடைக்காது, கரி மட்டும் சேரும்.

குளிர்ந்த ஸ்டார்ட் அமைதி, கூலன்ட் கோட்டில், ஈஜிஆர் சுத்தம் செய்த பில், ரீகால் முடிந்திருக்கிறது, பம்ப் பேசாமல் இருக்கிறது என்ற ஐந்தும் சரியாக இருந்து பேட்டரி மட்டும் தளர்ந்த வண்டியை, பேட்டரி விலையைக் கழித்துத் தாராளமாக எடுக்கலாம். பேட்டரி புதிதாக இருந்து காலையில் கடகடவென்று ஆடும் வண்டியை எவ்வளவு இறக்கிக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.

எடுத்த முதல் வாரத்தில் இன்ஜின் ஆயில் மாற்றுங்கள், 0டபிள்யூ-20, ஃபில்டரோடு 4.2 லிட்டர். அந்தத் தேதியிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டிப்ஸ்டிக் பார்த்தால் ஆயில் குடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். டிரான்ஸ்ஆக்சில் (மோட்டார்களும் பிளானட்டரி கியரும் உள்ள பெட்டி) ஆயிலை மாற்றிய பதிவு இல்லாவிட்டால் அதையும் மாற்றுங்கள், டொயோட்டா டபிள்யூஎஸ், மூன்றரை லிட்டருக்குள் ஆகும். ஊற்றும் துளையின் போல்ட்டை முதலில் கழற்றி, அது கழல்கிறது என்று உறுதியான பிறகே அடியில் உள்ளதைத் திறக்க வேண்டும். சமதளத்தில் நின்று, ஊற்றும் துளையில் ஆயில் வழிய ஆரம்பிக்கும்போது நிறுத்த வேண்டும். பேட்டரி ஃபேனைக் கழற்றி, இறக்கைகளை ஒவ்வொன்றாக பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுங்கள். பின் இருக்கையில் பையோ துணியோ போடுகிறவர்களுக்கு அந்தக் கட்டம் போட்ட ஜன்னலை ஒருமுறை கையால் தொட்டுக் காட்டிவிடுங்கள்.